பாடத்திற்குப் புறம்பான புத்தகங்கள்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், ஆம்பூரில் நிகழ்த்திய பிரசங்கம்)

   

இன்று மாலை யாம் பேசுதற்கு எடுத்துக்கொண்ட விஷயம், சர்வகலாசாலைப் புத்தகசாலைகளிலே நம் பிள்ளைகள் இன்பத்தின் பொருட்டுப் படித்தற்குரிய நூல்களைத் தேடிக் கண்டுகொள்ளும் வகை யாது என்பதாம். இதனைக் காரியதரிசி அவர்களிடம் தெரிவித்தபொழுது, "பரீட்சையில் தேறும் வகையைப் பற்றிப் பேசலாகாதா?" என்று அவர் வினவினார். அவர் வினவியதில் தவறொன்றுமில்லை. தோல் ஷாப்பிலும் பாதரட்சைத் தொழிற்சாலையிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்பும் நம்மனோர், அவர்கள் பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்வதைக் காணவே விரும்புவர். அவ்விருப்பம் எமக்கும் உண்டு. ஆயினும் இவ்விஷயத்தையே யாம் பிடிவாதமாகக் கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது எம்முடைய பிழையொன்றைப் பற்றியது; ஆதலின் சபையோர் சிறிது பொறுமையுடன் கேட்க வேண்டுகிறோம்.

நமது சங்கத்தின் கல்வி நிதி விதிகளைப் படித்தோர் இச்சபையில் எத்தனை பேரோ அறியோம். அவற்றுள் ஏழாவது விதி, உபகாரச் சம்பளம் பெறும் மாணவர் கதை, நாவல் முதலிய வீண் வாசிப்புகளிற் காலங் கழிக்கலாகாதென்றும், அவ்வாறு கழிப்பதாகக் கமிட்டியார் கருதின் சம்பளத்தை நிறுத்திவிடலாமென்றும் கூறுகிறது. அதனை எழுதியவர் யாமே. 2009-ஆம் ஆண்டில், நம் உபகாரச் சம்பளம் பெற்ற பையனொருவன் பரீட்சையில் மூன்று பாடங்களில் தவறினான். அவனை விசாரிக்கச் சென்ற கமிட்டியார், அவன் தலையணைக்கடியில் துப்பறியும் நாவல்கள் நான்கினைக் கண்டனர். காரணம் அகப்பட்டுவிட்டதென்று எண்ணி, அன்றிரவே யாம் அவ்விதியை எழுதினோம். அவன் மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரையில் ஒரு பாதரட்சைத் தொழிற்சாலையிலே பெட்டி அடுக்கும் வேலை பார்த்துவந்தான் என்பதும், அந்நாவல்கள் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவன் படித்தவை என்பதும் இரண்டாண்டு கழிந்தபின்னரே எமக்குத் தெரியவந்தன. அதற்குள் பையன் படிப்பை விட்டுவிட்டான். விதி மாத்திரம் நின்றுகொண்டது.

நிற்க. சென்ற தை மாதத்துக் கடைசியில் அம்மையார் ஒருவர் எம் வீட்டிற்கு வந்தார். அவர் இவ்வூரிலே பாதரட்சைக்கு மேல்தோல் தைக்கும் வேலையிலிருப்பவர்; எழுத்தறியாதவர். அவருடைய மகள் ஒரு சர்வகலாசாலையில் இரசாயனம் பயில்கிறாள். நம் சங்கத்தின் உபகாரச் சம்பளமும் பெறுகிறாள். வந்தவர் நெடுநேரம் பேசாது நின்று, பின்பு, "ஐயா, அந்தக் கதையிலே வர்றவங்களுக்கு அதுக்கப்பறம் இன்னா ஆச்சி?" என்று கேட்டார். எந்தக் கதை என்று எமக்கு விளங்கவில்லை. மெல்ல மெல்ல விசாரித்தபின்னரே விஷயம் வெளியாயிற்று. இதனை அவ்வம்மையாருடைய சம்மதம் பெற்றே இங்குச் சொல்கிறோம்.

அப்பெண் தோல் பதனிடும் நீரிற் கலக்கும் குரோமியத்தைப் பற்றி ஒரு வியாசம் எழுதவேண்டியிருந்தது. அதன்பொருட்டுச் சர்வகலாசாலைப் புத்தகசாலையிலுள்ள கணினியில் 'தோல்' என்னும் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடினாள். கணினி அவளுக்குப் பல நூல்களைக் காட்டிற்று. தோல் பதனிடும் தொழிலைப் பற்றியவை 675 என்னும் எண்ணில் இருந்தன. சருமநோய்களைப் பற்றியவை 616.5 என்னும் எண்ணில் இருந்தன. தோற்பாவைக் கூத்தைப் பற்றியது 791.53 என்னும் எண்ணில் இருந்தது. 'தோல்' என்னும் பெயரை மாத்திரமே உடைய ஒரு நூல், இவற்றோடு சேராமல், 894.811 என்னும் எண்ணில் இருந்தது. இஃதென்ன புது இரசாயனமோ என்று போய் எடுத்துப் பார்த்தால், அது ஒரு நாவல். வழக்கறிஞராயிருந்த டி. செல்வராஜ் என்பார் எழுதி 2010-ஆம் ஆண்டில் வெளிவந்து, 2012-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. திண்டுக்கல்லிலே தோல் ஷாப்புகளில் உழைத்த மக்களுடைய வாழ்வையும் போராட்டத்தையும் கூறுவது. அப்பெண் அதனைப் பொங்கல் விடுமுறைக்கு வீட்டிற்குக் கொண்டுவந்து, இரவுதோறும் தாய்க்குப் படித்துக் காட்டினாள். நான்கு இரவுகள் கழிந்தன. அம்மையாருடைய தந்தையார் சுண்ணாம்புக் குழியில் நின்று காலும் கையும் வெந்து வெளுத்தவர். அத்தகைய மனிதரைப் பற்றி யாரேனும் இத்துணைத் தடித்த புத்தகம் எழுதியிருப்பார் என்று அம்மையார் அதுகாறும் கனவிலும் கருதியதில்லையாம். ஐந்தாம் நாள், பண்டிகைக்கு வந்த உறவினர் ஒருவர் அப்புத்தகத்தைக் கண்டு, "ஏழாவது விதி தெரியுமா? சங்கத்தார் கண்டால் பணம் நின்றுவிடும்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனார். பெண் அதனை விளையாட்டாகக் கொள்ளவில்லை. விடுமுறை முடிந்தவுடன் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கதை பாதியில் நின்றது. அதன் பின்பகுதியைச் சங்கத்துப் பெரியவர் அறிந்திருப்பார் என்று எண்ணி அம்மையார் எம்மிடம் வந்திருக்கிறார்.

எமக்கோ விடை சொல்லத் தெரியவில்லை. யாம் அந்நாவலைப் படித்ததில்லை. அப்படியொரு நாவல் இருப்பதையே அன்றுதான் அறிந்தோம்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எம்முடைய மாணவப் பருவம் நினைவுக்கு வந்தது. 1970-களில் யாம் பயின்ற கலாசாலையிலே புத்தக அலமாரிகளுக்கருகே மாணவர் செல்லலாகாது. வேண்டிய நூலின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சாளரத்தின் வழியே நீட்டவேண்டும். யாம் ஒருநாள் ஒரு நாவலின் பெயரை எழுதி நீட்டினோம். உள்ளிருந்தவர் சீட்டைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். "இது உன் பாடத்தில் இருக்கிறதா?" என்றார். "இல்லை, ஐயா" என்றோம். "பின் எதற்கு?" என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. படிக்க ஆசையாயிருக்கிறது என்று சொல்ல நாணினோம். தோல் ஷாப்புக்காரன் மகனுக்குப் படிப்பே பெரிது, ஆசை வேறா என்று அவர் எண்ணுவாரோ என அஞ்சினோம். அன்று அவர் அவ்வாறு எண்ணினாரோ இல்லையோ, யாமே எம்மைப் பற்றி அவ்வாறு எண்ணிக்கொண்டோம். அதன்பின் அச்சாளரத்தில் பாட நூலையன்றி வேறொரு நூலையும் யாம் கேட்டதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு அதிகமாகக் கழிந்தபின், அவர் வாயாற் கேட்ட கேள்வியையே யாம் மையால் எழுதி விதியாக்கி வைத்தோம் என்பது அன்றிரவு எமக்குப் புலனாயிற்று.

சர்வகலாசாலைப் புத்தகசாலை யாருக்காக, எதற்காக என்னும் கேள்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைச் சர்வகலாசாலைப் புத்தகசாலைக்கு 1924-ஆம் ஆண்டில் நூலகராக அமர்ந்தவர் சீர்காழியிற் பிறந்த அரங்கநாதனார். அதற்குமுன் அவர் கணித ஆசிரியர். அமர்ந்த சில நாட்களிலேயே, வருவார் அருகிய அவ்விடத்தில் தனித்திருத்தல் பொறாது, கலாசாலைக்கே திரும்பிவிட விரும்பினாராம். லண்டனுக்குச் சென்று இத்துறையைப் பயின்று வந்த பின்னரும் மனம் ஒவ்வாதாயின் அவ்வாறே செய்யலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினர். அவர் லண்டனிலே பல புத்தகசாலைகளைக் கண்டு, சாமானிய மக்கள் அவற்றிற் புகுந்து வேண்டிய நூலைத் தம் கையால் எடுப்பதைக் கண்டு, 1925-ஆம் ஆண்டில் திரும்பினார். பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்புத்தகசாலையை விட்டு அகலவில்லை. படிப்பவரை அலமாரிகளுக்கருகே செல்லவிட்டார். பூட்டிவைத்துக் காப்பதற்காக நூல்கள் வாங்கப்படவில்லை என்பதும், ஒவ்வொரு மனிதருக்கும் ஏற்ற நூல் ஒன்று உண்டென்பதும், ஒவ்வொரு நூலும் தன்னைப் படிப்பார் ஒருவருக்காகக் காத்திருக்கிறதென்பதும், 1931-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெயர் பெற்ற நூலின் சாரங்களுட் சில. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு நூலகச் சட்டம் வந்தது. நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவருவது அச்சட்டத்தின் வழியாகவே. வரி செலுத்துகிறோமென்பதே நம்மிற் பலருக்கு நினைவில்லை. பின் அதற்குரிய நூலைக் கேட்பது எங்ஙனம்?

அடுத்த வாரம் அப்பெண்ணை அழைத்துக்கொண்டு யாமே அந்தச் சர்வகலாசாலைக்குச் சென்றோம். வாயிலிற் கையெழுத்திட்டபின், வயது முதிர்ந்தவர் என்று கருதியோ என்னவோ, உள்ளே விட்டனர். அலமாரிகளின் நடுவே எம் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதல் நடந்தோம். இச்செய்தியைச் சொல்ல எமக்கு வெட்கமில்லை.

894.811 என்னும் எண்ணுள்ள இடத்தில் அந்நாவல் இல்லை. கணினியோ அது யாரிடமும் செல்லவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்று சாதித்தது. அரைமணி நேரம் தேடினோம். முடிவில் அதை எங்கே கண்டோம் தெரியுமா? 675-இல். குரோம் முறையிற் பதனிடுதல், கழிவுநீரைச் சுத்தி செய்தல் என்னும் தடித்த நூல்களுக்கிடையே அது நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்த நூல்களை அடுக்கியவர் எண்ணைப் பாராது பெயரை மாத்திரம் பார்த்து அங்கே வைத்துவிட்டார் போலும். அதனை எடுத்து உரிய இடத்தில் வைப்பதற்கு எமக்கு ஒரு கணம் மனம் வரவில்லை. தோல் தொழில்நுட்பம் பயிலும் பிள்ளை எவனேனும் கழிவுநீரைத் தேடிவந்து, அந்நீரில் நின்ற மனிதரைக் கண்டுகொள்ளட்டுமே என்று தோன்றிற்று. ஆயினும் அம்மையாருடைய கேள்வி நிலுவையிலிருந்தமையால், பெண்ணின் பெயரில் அதனை எடுத்துக்கொண்டோம்.

அன்று அங்கே கழித்த நான்கு மணி நேரத்தில் யாம் கற்றவற்றையும், பின்னர்ப் பலமுறை சென்று அறிந்தவற்றையும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, அவ்வெண்களைக் கண்டு அஞ்சற்க. நம் நாட்டுச் சர்வகலாசாலைகள் பல, அமெரிக்கரான டூயி என்பார் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பு முறையைக் கையாள்கின்றன. சென்னையில் அரங்கநாதனார் தாமே வகுத்த முறை வேறு. டூயி முறையில் எண்ணூறு என்று தொடங்குவன இலக்கியம். அவற்றுள் தமிழிலக்கியம் 894.811, ஆங்கில நாவல்கள் 823. நாடோடிக் கதைகளுக்கு 398.2-ஐப் பார்க்க. பிரயாண நூல்கள் 910-ஐ ஒட்டியும், வாழ்க்கை வரலாறுகள் 920-இலும், வேட்டை நூல்கள் 799-இலும் கிடைக்கும். இவ்வைந்தாறு எண்களைக் கைப்பேசியிற் குறித்துக்கொண்டால், கணினியின் துணையின்றியே ஓராண்டுக்குப் படிக்கலாம். பொறியியலும் மருத்துவமும் பயிலும் பிள்ளைகள் நான்காண்டுகளில் ஒருமுறையேனும் எண்ணூற்றின் பக்கம் திரும்புவதில்லை என்பதைப் பலரிடம் கேட்டு அறிந்தோம். தடுப்பார் எவருமில்லை. அவ்வலமாரி இலக்கியம் பயிலுவோருக்கே உரியது என்று தாமே எண்ணிக்கொள்கின்றனர்.

கணினியில் தேடுவதானால் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பல புத்தகசாலைகளில் தமிழ் நூல்களின் பெயரை ஆங்கில எழுத்திற் பதிந்து வைத்திருக்கின்றனர். 'தோல்' என்னும் பெயரை ஒருவர் மூன்றெழுத்தில் எழுதுவார். ஒருவர் நான்கெழுத்தில் எழுதுவார். ழகரத்தைப் பற்றியோ கேட்கவேண்டுவதில்லை. ஒரு முறை எழுதிப் பார்த்து இல்லையென்று திரும்பிவிடாது, இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்க்கவும். ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடுவது இன்னும் நலம்.

இவற்றினும் சிறந்த வழியொன்று உண்டு. வாயிலுக்கருகே, பிறர் படித்துத் திருப்பிக் கொடுத்த நூல்களை வைக்கும் தள்ளுவண்டி நிற்கும். பாட நூல்களின் நடுவே அதில் நாவலொன்று கிடந்தால், நம்மைப் போன்ற ஒருவர் அதனை விரும்பி எடுத்துச் சென்றார் என்பதற்கு அதுவே சாட்சி. பழைய நூல்களின் பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டும் அத்தகையதே. சிலவற்றில் முத்திரைக்கு இடமில்லை. சிலவற்றில் ஒரே முத்திரை. யாம் எடுத்த ஒரு பிரயாண நூலைக் கடைசியாக ஒருவர் 1987-ஆம் ஆண்டில் எடுத்திருந்தார். அவர் யாரோ, இப்பொழுது எங்கிருக்கிறாரோ. அவருக்குப் பிறகு அதைத் திறந்தவர் யாமே என்னும் எண்ணம் எமக்கு அளித்த மகிழ்ச்சியை எவ்வாறு எடுத்துரைப்போம்!

மற்றொரு விஷயம். சர்வகலாசாலைகள் நாவல்களை வாங்குவது நாம் இன்புறுதற்கன்று. ஆராய்ச்சி செய்வோர் பட்டம் பெறுதற்கே. அதனால் நமக்கு ஒரு நன்மை விளைந்திருக்கிறது. கடைகளிற் காணப்படாத பழைய பதிப்புகள் அங்கே கிடைக்கின்றன. ஆரணி குப்புசாமி முதலியார் நம் வட ஆர்க்காட்டுப் பக்கத்தவர். ஒரு நூற்றாண்டுக்கு முன்னே துப்பறியும் நாவல்களை எழுதித் தமிழ்நாட்டையே விடியும்வரை விழித்திருக்கச் செய்தவர். அவருடைய நாவல்களைக் கண்டு அக்காலத்துப் பெரியோர் தலையிலடித்துக்கொண்டனர். இன்றோ அவற்றின்மேல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறுகின்றனர். யாம் படிப்பை விடச் செய்த அப்பையன் தலையணைக்கடியில் வைத்திருந்தவை அவ்வழியில் வந்த நூல்களே அல்லவா?

நம் பக்கத்தவர் எழுதியவற்றைத் தேடிப் படித்தல் தனி இன்பம். டாக்டர் மு. வரதராசனார் இராணிப்பேட்டையை அடுத்த வேலம் என்னும் கிராமத்தைச் சேர்ந்தவர். திருப்பத்தூரிலே தமிழாசிரியராயிருந்து, பின் சென்னைக்குச் சென்று, 1971-ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தரானவர். அவருடைய 'அகல் விளக்கு' என்னும் நாவல் 1961-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. வாலாஜாப் பக்கத்துத் தெருக்களையும் கிராமங்களையும் அதிற் காணலாம். அறிவுரை சற்று மிகுதி என்பது எம் கருத்து. எனினும் கீழே வைக்க முடியவில்லை. ஒரு சர்வகலாசாலைக்கே தலைவராயிருந்தவர் நாவல் எழுதினார். நம் சங்கத்து ஏழாவது விதியின்படி அவர் எழுதியதும் வீண் வாசிப்பே. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன்கொடி'யும் அவ்வாறே. இனி, ஜோலார்பேட்டையில் ரயிலுக்கு நிற்போர் அண்ணாந்து பார்க்கும் ஏலகிரி மலையிலே மனிதரைத் தின்று திரிந்த சிறுத்தையொன்றைப் பற்றி, பெங்களூரிலிருந்த கென்னத் ஆண்டர்ஸன் என்னும் வேட்டைக்காரர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் வரவில்லையே என்று வருந்தும் பிள்ளைகளுக்கு யாம் அதைக் கொடுத்துப் பார்த்தோம். இலக்கணப் புத்தகத்திற்கு அஞ்சிய பையன், சிறுத்தை அடுத்து யாரை அடித்தது என்று அறியும்பொருட்டு அகராதியைத் தானே கேட்டு வாங்கினான்.

கதை கேட்பது நம் குலத்திற்கு அந்நியமான பழக்கமென்று எவரும் சொல்லார். இம்மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் தோறும் பாரதம் படிப்பதும், இரவெல்லாம் தெருக்கூத்து நிகழ்வதும், நம் பாட்டன்மார் நாள் முழுதும் உழைத்த உடம்போடு மணலில் அமர்ந்து விடியும்வரை கண்கொட்டாது பார்த்ததும் யாவரும் அறிந்தவை. துகிலுரிதல் நிகழும் இரவில் அழாத கண்ணில்லை. அவர்களிடம் யாரும் "இது உன் பாடத்தில் இருக்கிறதா?" என்று கேட்டதில்லை. கூத்து முடிந்த காலையில் வேலைக்குச் சென்றனர். மறுநாள் இரவு மீண்டும் வந்தனர். அவ்வம்மையார் எம் வாயிலில் நின்று கேட்ட கேள்வி அம்மணலில் பிறந்தது. நாம் பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். படிக்கவைத்த நாமே கதையை மாத்திரம் அவர்கள் கையிலிருந்து பறித்துக்கொண்டோம்.

அமெரிக்காவிலே ஹார்வர்டு என்னும் சர்வகலாசாலையைப் பற்றி நம் மாணவர் கேள்வியுற்றிருப்பர். அதன் பெரிய புத்தகசாலை, 1912-ஆம் ஆண்டில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய வைடனர் என்னும் இளைஞரின் நினைவாக அவர் தாயார் கட்டுவித்தது. அதனுள்ளே 1916-ஆம் ஆண்டில் வேறோர் அறை திறக்கப்பெற்றது. பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் 1915-ஆம் ஆண்டில் மாண்ட ஃபார்ன்ஸ்வர்த் என்னும் பழைய மாணவரின் நினைவாக அமைந்த அவ்வறை, பாடத்தைப் பயில்வதற்கன்றி, மனம் விரும்பியதைப் படிப்பதற்கென்றே ஏற்பட்டது. மகனை இழந்த குடும்பம் அவன் நினைவிற்கு மண்டபம் எழுப்பாமல், பிற பிள்ளைகள் நாற்காலியிற் சாய்ந்து கதை படிப்பதற்கு ஓர் அறையைச் செய்தது. அவ்வளவு செல்வம் நம்மிடமில்லை. ஆயினும் நம் சங்கக் கட்டிடத்து மாடியிலே, பரீட்சை வழிகாட்டிகள் மாத்திரம் அடுக்கிய ஓர் அலமாரி இருக்கிறது. அதில் ஒரு தட்டையேனும் ஒழிக்கலாகாதா?

பெற்றோர் சிலர் உள்ளத்திலுள்ள ஐயத்தை அறிவோம். பிள்ளை கதையிலேயே மூழ்கிப் பரீட்சையிற் கோட்டைவிட்டால் என் செய்வது என்பதே அது. அவ்வாறு ஆவோரும் உண்டு. இல்லையென்று யாம் சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நிதியின் கணக்கைப் பார்த்துவரும் எமக்கு ஒன்று தெரியும். நம் பிள்ளைகள் படிப்பை விட்டதற்குக் காரணம் வீட்டில் நோய், கடன், இரவு வேலை, விடுதிக் கட்டணம், பெண்ணாயின் விவாகம். நாவலால் படிப்பை விட்டார் என்று எழுதப்பட்டது அந்த ஒரே பெயர்தான். அதுவும் பொய்யென்று முன்னரே சொன்னோம்.

சர்வகலாசாலையில் பயிலாத நம் வீட்டார்க்கு அங்கே புகுதல் எளிதன்று என்பதும் உண்மை. வேலூரிலே திருவள்ளுவர் பல்கலைக் கழகம் 2002-ஆம் ஆண்டில் ஏற்பட்டபின் நம் பிள்ளைகளுக்குச் சென்னைக்குச் செல்லும் அலைச்சல் குறைந்தது. ஆனால் தாய்தந்தையர்க்கு அட்டை கொடுப்பாரில்லை. அவர்களுக்கு அரசாங்கத்தின் மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் உண்டு. சிறு தொகை கட்டி எவரும் உறுப்பினராகலாம். எழுத்தறியாதவர்க்கோ, படித்துக் காட்டும் பிள்ளையே புத்தகசாலை. பிள்ளைகளே, விடுமுறைக்கு வரும்பொழுது துணிமூட்டையோடு ஒரு நூலையும் எடுத்து வாருங்கள். தாயாருக்கு எது பிடிக்குமென்று எண்ணி எடுங்கள். நமக்குப் பிடித்ததை எடுத்துவந்து அவரை உறங்கவைக்கவேண்டாம்.

அம்மையாருக்கு அந்நாவல் இப்பொழுது மீண்டும் படிக்கப்பட்டுவருகிறது. மகள் சனிக்கிழமைதோறும் வந்து படிக்கிறாள். தவணை முடிந்தால் அதனையே புதுப்பித்துக்கொள்கிறாள். நேற்று விசாரித்தபொழுது இன்னும் நூறு பக்கம் இருக்கிறதென்றார்கள். யாம் அதற்குள் வேறொரு பிரதியை வாங்கி முழுவதும் படித்துவிட்டோம். முடிவை வாய்தவறியும் சொல்லிவிடலாகாதென்று எமக்குக் கட்டளை பிறந்திருக்கிறது. ஆதலின் அவர் வீட்டுப் பக்கம் செல்வதையே சில நாட்களாக நிறுத்திவைத்திருக்கிறோம்.

இக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கல்வி நிதியின் ஏழாவது விதியை நீக்குதல் என்று ஒரு தீர்மானம் உண்டு. கொண்டுவருபவர் யாம். ஆதரிப்பதற்கு இருவர் இசைந்திருக்கின்றனர். அத்துடன், நம் நிதியுதவி பெறும் ஒவ்வொரு மாணவரும் ஆண்டு விண்ணப்பத்தில், பாடத்திற்குப் புறம்பாகத் தாம் விரும்பிப் படித்த ஒரு நூலின் பெயரை எழுதலாம் என்று ஒரு வரி சேர்க்கவும் கோருகிறோம். 'எழுதலாம்' என்றே இருக்கட்டும். 'எழுதவேண்டும்' என்று ஒருவர் திருத்தம் கொண்டுவரப்போவதாகக் கேள்வியுற்றோம். அத்திருத்தத்தை அன்புகூர்ந்து கைவிடுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறோம். கட்டாயமாக்கினால் அதுவும் ஒரு பாடமாகிவிடும். தீர்மானத்தைக் காரியதரிசி அவர்கள் இப்பொழுது படிப்பார்கள்.